அளவு ஜாக்கெட் இல்லாமல் வந்தவர்

வாரத்தில் இரண்டு நாள் கும்பகோணத்தில் ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்குப் போய்வருகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் பரபரக்கும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. போன மாதம் அங்கே படிக்கிற பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "சார், பேண்ட்டு சட்டைன்னா சரி, அது வெள்ளைக்காரன் உடுப்பு. சேலைக்குப் போடுற ஜாக்கெட்டு நம்ம ஊரு சமாசாரம்தானே? அதுக்கு ஏன் செஸ்ட்டு, ஷோல்டர், நெக்கு, ஸ்லீவுன்னு மேலேருந்து கீழ வரைக்கும் இங்கிலீஷு?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் போனால், நிலையத்து ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுவது இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது பூம்புகார் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போனவர். என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். எனக்கு வாந்தி நிற்கவில்லை. கரையில் இருந்தால் சும்மா இருக்க முடியவில்லை. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் உப்பு வாரினேன். பாதம் வெடித்துப் புண்ணானதும் அதை விட்டேன். கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்தேன், காபிக் கடையில் டம்ளர் கழுவினேன், வெற்றிலைக் கட்டு சுமந்தேன். கடைசியில் லாரியில் கிளீனர். அந்த லாரி ஒருநாள் திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் அச்சு முறிந்து நின்றது. எதிரே இருந்த தையற்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். லாரி சரியாகிக் கிளம்பியபோது நான் ஏறவில்லை. அப்போது எனக்கு மீசை வந்து சில வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கடைக்குச் சொந்தக்காரர் சவரிமுத்து மாஸ்டர். லேடீஸ் டெய்லர். சுற்றுவட்டாரத்தில் பண்ணை வீடு, மிராசுதார் வீடு, வாத்தியார் வீடு எல்லாவற்றுக்கும் ஜாக்கெட் அவர் கையில்தான். குட்டையான மனிதர். வெள்ளை வேட்டி, கழுத்தில் எப்போதும் ஊசி குத்திய ஒரு துணித் துண்டு. யார் கடைப்படி ஏறினாலும் "வாங்கம்மா" என்பார், ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை அவர்கள் கொண்டுவந்த துணியில் இருக்கும். "கண்ணு துணியில இருக்கணும்ப்பா. துணிய விட்டு மேல போச்சுன்னா நாளைக்கி நம்ம கடைக்கி எவ வருவா?" என்பார். கோபம் வந்தாலும் தயக்கம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். எண்ணெய்க் குப்பியை எடுத்து மெஷினுக்கு எண்ணெய் விடத் தொடங்குவார். அவர் எண்ணெய் விட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

பெரிய வீட்டுப் பெண்கள் கடைக்கு வர மாட்டார்கள். ஆள் மூலம் ஒரு துணிப்பை வரும். அதில் புதுத் துணியும், அளவுக்கென்று பழைய ஜாக்கெட் ஒன்றும் இருக்கும். அதைத்தான் அளவு ஜாக்கெட் என்போம். மாஸ்டர் அதை டேப் வைத்து அளப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். ஜாக்கெட்டை உள்புறம் வெளியே திருப்பி, மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். "இந்தா பாரு, வலது தோளு பின்னாடி விட்டிருக்கு. கிணத்துல தண்ணி எறைக்கிற அம்மா. அந்த எடத்துல கொஞ்சம் லூஸ் விடணும்." இன்னொன்றைப் பார்த்து, "இது கிழியவே இல்ல. இந்தம்மா ஊஞ்சல்ல உக்காந்திருக்கு" என்பார். அப்புறம்தான் டேப். புதுத் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுவிட்டுக் கத்தரிப்பார். வெட்டும்போது பேச மாட்டார். அவர் தைத்த ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. ஃபிட்டிங் என்றால் சவரிமுத்து மாஸ்டர் என்று பெயர்.

கல்யாணப் பெண்களும், உடம்பு பூசினாற்போல் ஆகி அளவு மாறியவர்களும் மட்டும் நேரில் வருவார்கள். அவர்களுக்காகக் கடையின் பின்பக்கம் ஒரு பச்சைத் திரை தொங்கியது. கெட்டியான பருத்தித் துணி, வாழைக்குருத்துப் பச்சை, தரையைத் தொடும். திரைக்கு உள்ளே மாஸ்டர் வீட்டம்மா லூர்தம்மா டேப்பைப் பிடித்து அளப்பார். வெளியே மாஸ்டர் சாக்கட்டியோடு உட்கார்ந்திருப்பார். உள்ளிருந்து லூர்தம்மா குரல் மட்டும் வரும். "செஸ்ட்... வெயிஸ்ட்... ஷோல்டர்... ஆர்ம்ஹோல்... ஃப்ரண்ட் நெக்... பேக் நெக்..." ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மாஸ்டர் துணியின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். லூர்தம்மாவுக்கு வேறு இங்கிலீஷ் தெரியாது. சின்ன வயதில் கன்னியர் மடத்தில் சிஸ்டர்களிடம் தையல் பழகியபோது வந்த சொற்கள் அவை. கடையில் நாங்கள் நாலைந்து ஆண்கள் மெஷின் மிதித்துக்கொண்டிருப்போம். தெருவில் போகிறவர்கள் காதிலும் விழும். அந்தச் சொற்களாக இருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றாது.

எங்கள் மாவட்டத்தில் பிறந்த பெண்கள் அந்தக் காலத்தில் இந்த உடுப்புக்கே மூன்று பெயர் வைத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு ரவிக்கை. மற்றவர்களுக்கு ஜாக்கெட். காலேஜ் போகிற பெண் இருந்த வீட்டில் பிளவுஸ். உள்ளே போடுவதற்குப் 'பாடி' என்ற சொல் இருந்தாலும் அதையும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அது ரெண்டு வேணும்" என்பார்கள். லூர்தம்மா, "பாடிதானே, பாடின்னு சொல்லுங்க. சர்ச்சுக்குள்ளயா நிக்கிறீங்க?" என்று சிரிப்பார்.

ஆட்சி மாறி ஊரெல்லாம் பெயர்ப்பலகைகள் தமிழாகிக்கொண்டிருந்த சமயம், எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். கட்சிக்காரர், நல்ல மனிதர், கரகரத்த குரல். அவர்தான் 'லேடீஸ் டெய்லர்' என்ற பலகையை 'மகளிர் தையலகம்' என்று மாற்ற வைத்தார். மாஸ்டர் மறு பேச்சுப் பேசாமல் மாற்றினார். வாத்தியார் அதோடு நிற்கவில்லை. "அளவெடுக்கிறப்பவும் தமிழ்தான் இருக்கணும் மாஸ்டர். மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, அக்குள் வளைவு. நம்மகிட்ட என்ன சொல்லு இல்ல?" என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். லூர்தம்மாவும் சரி என்றார். முதலில் அளக்க வந்தது வாத்தியாரின் சம்சாரம். வாத்தியார் வெளியே நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். திரைக்குள்ளிருந்து லூர்தம்மா, மாதா கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் சத்தமாக, "மார்புச் சுற்று..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம்.

"அய்யோ அக்கா! மெதுவா! வெளில ஆம்பளைங்க இருக்காங்க!"

"ஒங்க வீட்டுக்காரருதானம்மா இப்படிச் சொல்லச் சொன்னாரு."

"அவருக்கென்ன, அளவா எடுக்குறாங்க அவருக்கு? நீங்க எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. இல்லாட்டி நான் இப்படியே கெளம்புறேன்."

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. பேப்பரை மடித்து, "பலகை வரைக்கும் தமிழ் இருக்கட்டும் மாஸ்டர். உள்ள ஒங்க வழக்கப்படியே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார். பயிற்சி நிலையத்துப் பெண்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இவ்வளவுதான். இங்கிலீஷ் எங்களுக்குப் பெருமையாக இருக்கவில்லை, இன்னொரு திரையாக இருந்தது.

ஆனால் அதே திரைக்குள் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

அந்த வருஷம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு முற்றியிருந்தது. பண்ணைகள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கின. உள்ளூர் ஆட்கள் செங்கொடியோடு வரப்பில் நின்று மறித்தார்கள். போலீஸ் வந்தது, அடிதடி, கேஸ். முள்ளியாற்றுக்கு அந்தப் பக்கம் கூலிக்காரர்கள் குடியிருந்த தெருவில் பாதி ஆண்கள் ஜெயிலுக்குள் இருந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் அப்போது ஜாக்கெட் போடுவதில்லை. போடக் கூடாது என்று ஒரு காலத்தில் பண்ணைக் கட்டுப்பாடு இருந்தது. அது போன பிறகு போட வசதி இல்லை. சேலையைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொள்வதே பழக்கமாகிவிட்டது. இளசுகள் மட்டும் ஓரிருவர் ரெடிமேடாகக் கிடைப்பதை வாங்கிப் போடுவார்கள்.

மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், ஒரு பெண் எங்கள் கடைப்படிக்குக் கீழே வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கறுத்த, உயரமான உடம்பு. கையில் மடித்த கருநீலத் துணி.

"டைலரய்யா, ஒரு ஜாக்கெட்டு தைக்கணும்."

மாஸ்டர் பார்வையைத் துணியில் வைத்தார். "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களாம்மா?"

"இருந்தாத்தானய்யா கொண்டார்றதுக்கு."

"பழசா இருந்தாலும் போதும்."

"பழசுமில்ல, புதுசுமில்ல. இதான் மொத ஜாக்கெட்டு."

மாஸ்டரின் மெஷின் நின்றது. அந்தப் பெண் விவரம் சொன்னார். பெயர் அஞ்சலை. நடவு ஆள். கூலி விஷயமாகத் தஞ்சாவூரில் கலெக்டர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார். தெருவுக்காகப் பேச வேண்டிய புருஷன் உள்ளே இருக்கிறார். தெரு கூடி இவரை அனுப்பத் தீர்மானித்திருக்கிறது.

"முன்ன ஒருக்கா தாலுக்கா ஆபீசுக்குப் போனேன்யா. நாக்காலில உக்காரச் சொன்னாங்க. எதுக்க எல்லாம் ஆம்பளைங்க. முந்தானைய இழுத்துப் போத்தி ஒரு கையால புடிச்சிக்கிட்டே இருந்தேன். எங்க நழுவிடுமோன்னு அதுலயே கெடந்துச்சி புத்தி. சொல்லப் போனதுல பாதி சொல்லல. நான் பேசுனா கைய நீட்டித்தான் பேசுவேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்யா."

மாஸ்டர் எண்ணெய்க் குப்பியை எடுத்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். பண்ணை வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்கும் சொந்தக்காரர்களுக்குமாகப் பெரிய பை ஒன்று அன்றோ மறுநாளோ வரவிருந்தது. அந்த ஒரு பைதான் எங்கள் கடைக்கு அந்தக் கோடைகாலமே. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை திரைக்குள் போனதில்லை.

திரை விலகியது. லூர்தம்மா தலையை நீட்டி, "என்னங்க, காலையிலதான எண்ண விட்டீங்க? மெஷினு வழுக்கி விழுந்துடப் போவுது" என்றார். அப்புறம், "உள்ள வா அஞ்சல" என்றார்.

"கால்ல புழுதிம்மா."

"கூட்டுனா போயிடும். வா."

திரை மூடியது. மாஸ்டர் குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்தார். எப்போதும்போல் குரல் வந்தது. "செஸ்ட்..."

"என்னாம்மா இது, சந்தையில மாட்டச் சுத்திப் பாக்குற மாரி சுத்துறீங்க? கூசுது!"

"நேரா நில்லுடி. ஷோல்டர்..."

"அது என்னா பாஷ?"

"இங்கிலீஷு. இந்தத் தோளுக்குப் பேரு ஷோல்டர்."

அப்புறம் அஞ்சலையக்கா மெல்லச் சிரிப்பது கேட்டது. "இத்தினி வருசமா நாத்துக்கட்டு சொமந்த தோளு. இதுக்கு இங்கிலீசுல பேரெல்லாம் இருக்கா!"

"ஒனக்கு எல்லாத்துக்கும் இருக்கு. கையக் கீழ விடு. ஆர்ம்ஹோல்..."

சரியாக அந்த நேரத்தில் பண்ணைக் காரியக்காரர் படியேறினார். கையில் கல்யாணப் பை. நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திரை விலகி வெளியே வந்தவரைப் பார்த்ததும் துண்டை இறக்கினார்.

"அஞ்சலையா? இங்க என்ன வேல ஒனக்கு?"

"ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தேனுங்க."

"அடேயப்பா. புருசன் உள்ள, பொண்டாட்டிக்குப் புதுத் துணியா?"

"அவுரு வெளிய இருந்திருந்தா அவுரே போயிருப்பாருங்க தஞ்சாவூருக்கு. ஒங்கள மாரி ஆளுங்கதான அவர உள்ள உக்கார வெச்சி என்னக் கெளப்பி விட்டீங்க?"

காரியக்காரர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், எங்க வீட்டுப் பொண்ண அளக்குற டேப்புதானே அது?"

"ஆமாங்க. கடைக்கி ஒரு டேப்புதான்."

"இன்னொண்ணு வாங்கிப் போடுறது. நாங்க வாங்கித் தாரோம்."

"ஒண்ணு போதுங்க."

மாஸ்டர் குரலை உயர்த்தவில்லை. காரியக்காரர் எழுந்து நின்றார், பை மேஜையிலேயே இருந்தது. எடுப்பதா விடுவதா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். மாஸ்டர் எழுந்து பையை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் நீட்டினார். "அளவு ஜாக்கெட்டெல்லாம் உள்ளயே இருக்குங்க. பாத்து எடுத்துட்டுப் போங்க." அந்தப் பை மன்னார்குடிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் கடைக்கு அது திரும்பி வரவே இல்லை. அதன் பின்னால் வேறு சில பைகளும் வராமல் நின்றன. அந்த வருஷம் நாங்கள் பெரும்பாலும் கூழ்தான் குடித்தோம்.

அஞ்சலையக்கா படியில் நின்று, "என்னால ஒங்க பொழப்பு..." என்று ஆரம்பித்தார். மாஸ்டர் கருநீலத் துணியை விரித்துக்கொண்டே, "என்னிக்கிம்மா தஞ்சாவூர் போவணும்?" என்று கேட்டார்.

அந்த ஜாக்கெட்டை மாஸ்டரே வெட்டினார், மாஸ்டரே தைத்தார். கல்யாணப் பெண்ணுக்குப் போயிருக்க வேண்டிய கவனம் முழுக்க அதில் இறங்கியது. உடம்போடு ஒட்டி, ஒரு சுருக்கமில்லாமல் நிற்கிற மாதிரி. நான் ஹூக் கட்டி, கைக்கு ஹெம்மிங் முடித்தேன். துணி கொஞ்சம்தான், அவர் வெட்டியதில் விரலளவுகூட மிச்சமில்லை. பயணத்துக்கு முந்தின நாள் அதை எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் ஆற்றைத் தாண்டிப் போனேன்.

தெருவே கூடிவிட்டது. அஞ்சலையக்கா குடிசைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஒரு கிழவி, "அடி அஞ்சல, டீச்சரு மாரி இருக்கடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. உண்மையிலேயே அப்படி ஒரு ஃபிட்டிங். ஒருத்தி, "கலெக்டருகிட்ட எப்பிடிப் பேசுவ, பேசிக் காட்டு" என்றாள். அஞ்சலையக்கா நிமிர்ந்து நின்று, வலது கையை முன்னால் நீட்டி உயர்த்தினார்.

கை தோளுக்கு மேல் போகவில்லை. ஜாக்கெட் மொத்தமாக மேலே ஏறியது. அவர் இன்னும் கொஞ்சம் முயன்றார். 'டர்' என்று அக்குளில் விட்டது. இடது கையையும் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலையக்கா கையை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அழகாத்தான்ப்பா இருக்கு. ஆனா கையக் கட்டிப்புட்டீங்களே" என்றார். கோபமில்லை அதில். அதுதான் தாங்கவில்லை. "முந்தானையப் புடிச்சிக்கிட்டாச்சும் ஒரு கைய நீட்டலாம். இதுல ரெண்டும் போச்சே. பரவால்ல, நான் எப்பவும் போலயே போயிக்கிறேன்" என்றார்.

நான் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் யோசனை. பண்ணை வீட்டுப் பெண்களை எப்படி நிற்க வைத்து அளந்தோமோ அப்படியே, கையைக் கீழே விட்டு, அசையாமல் நிற்க வைத்து அளந்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து குனிந்து நாற்றுப் பறித்து, கை வீசி நட்டு, தலைக்கு மேல் கட்டுத் தூக்குகிற தோள் அது. டேப் அதன் சுற்றளவைச் சொன்னது. அது செய்கிற வேலையைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய அளவு ஜாக்கெட்தான் அவரிடம் இல்லையே.

கடைக்கு வந்து மாஸ்டரிடம் கொடுத்தேன். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. எப்போதும்போல் உள்புறம் வெளியே திருப்பி, மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நீவினார். இரண்டு அக்குளிலும் விட்டிருந்த இடத்தில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன், எடுக்கவில்லை.

"இப்ப வந்துருச்சிப்பா அளவு ஜாக்கெட்டு" என்றார்.

ஆண்கள் போடுகிற ஜிப்பாவுக்கு அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்போம். கை தாராளமாக மேலே போகும். பெண்கள் ஜாக்கெட்டில் யாரும் வைப்பதில்லை. வைத்தால் அந்த இடம் தொளதொளவென்று நிற்கும், ஃபிட்டிங் கெட்டுவிடும். மாஸ்டர் வாழ்க்கையில் சுருக்கம் விழுகிற ஜாக்கெட் ஒன்றுகூடத் தைத்ததில்லை. அவர் அக்குள் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

"கருநீலம் மிச்சமில்லீங்க" என்றேன்.

கட்பீஸ் மூட்டையைக் கவிழ்த்துத் தேடினோம். எல்லாம் வாயில் துணி, பட்டு, மெல்லிசு. வேலை செய்கிற அக்குளுக்கு ஒரு நாள் தாங்காது. கடைகள் மூடியிருந்தன. லூர்தம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றவர், மேஜையிலிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து, பச்சைத் திரையின் அடி மடிப்பைக் 'கரக் கரக்' என்று வெட்டினார்.

"ஏய், ஏய், தெர!" என்றார் மாஸ்டர்.

"தரையத் தொடணும்னு யாரு அழுதா? கெட்டித் துணி. வெச்சித் தைங்க."

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அஞ்சலையக்கா கடைக்கு வந்தார். நான் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். திரைக்குள் போய்ப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து வலது கையைத் தூக்கினார். இடது கையைத் தூக்கினார். இரண்டையும் ஒன்றாகத் தலைக்கு மேல் தூக்கி நின்றார். அக்குளில் இரண்டு பச்சைச் சதுரம். முதுகில் சுருக்கம் விழுந்தது. மாஸ்டர் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தார். "பேசிட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

தஞ்சாவூரில் என்ன நடந்தது என்பதற்கு நான் சாட்சி இல்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்றார்கள். அஞ்சலையக்காவிடம் கேட்டபோது, "கைய நீட்டிப் பேசுனேன்ப்பா. எதுக்க உக்காந்திருந்த மிராசுதாரு கை வரைக்கும் போயிருக்கும் என் கை" என்றார். அவர் புருஷன் சில மாதம் கழித்து வெளியே வந்தார். வந்த அன்றைக்கு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, அக்குளுல வெத்தல மடிச்சி வெச்சிருக்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அக்கா.

குறுவை நடவு முடிந்து கையில் கூலி வந்த சமயம், அந்தத் தெருவிலிருந்து இன்னொரு பெண் வந்தார். கையில் ஒரு பை. அதில் புதுத் துணி, அதோடு துவைத்து மடித்த அஞ்சலையக்காவின் கருநீல ஜாக்கெட். அளவு ஜாக்கெட்! பையைக் கொடுத்த பெண்ணோ அஞ்சலையக்காவில் பாதி இருப்பார். அடுத்து வந்தவர் ஒன்றரை மடங்கு. அவரும் அதே ஜாக்கெட்டைத்தான் கொண்டுவந்தார். தெருவுக்கே அந்த ஒன்றுதான் அளவு. மாஸ்டர் அதை மேஜையில் விரித்து நீவிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பினார். லூர்தம்மா, "இப்பக் கையத் தூக்கு. இப்பக் குனி. நட்டுக் காட்டு" என்று புதுவிதமாக அளக்கத் தொடங்கினார். திரைக்குள்ளிருந்து ஒரே சிரிப்புச் சத்தமாக வரும்.

ஒரு சங்கடம் வந்தது. இவர்கள் போதுமான துணி கொடுத்திருந்ததால் மாஸ்டர் அதே நிறத்தில் அக்குள் துண்டு வைத்தார். முதல் பெண்ணே அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கிவிட்டார்.

"பச்ச எங்கங்க?"

"அது அன்னிக்கித் துணி பத்தாம வெச்சதும்மா."

"இருக்கட்டுங்க. அஞ்சலைக்கி வெச்சீங்கள்ல? எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பச்சை இருந்தால்தான் அது ஜாக்கெட் என்று தெரு முடிவு செய்துவிட்டது. மாஸ்டர் திரையைப் பார்த்தார். லூர்தம்மா கத்தரியை எடுத்தார். அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் பச்சைதான். திரை கணுக்காலுக்கு ஏறியது, பிறகு அதற்கும் மேலே ஏறியது. "இனிமே வெட்டுனா அளக்க வர்ற பொண்ணோட முழங்காலு தெருவுக்குத் தெரியும். கும்மோணம் போயி இதே பச்சையில ஒரு பீசு வாங்கிட்டு வா" என்று லூர்தம்மா என்னைத்தான் அனுப்பினார். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தேன்.

பயிற்சி நிலையத்துப் பெண்களில் ஒருத்தி, அந்தத் துண்டுக்கு இங்கிலீஷில் என்ன சார் பெயர் என்று கேட்டாள். எங்களுக்கு அப்போது அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. கடையில் அதன் பெயர் 'திரை'. "திரை வெச்சாச்சா?" என்று மாஸ்டர் கேட்பார், "வெச்சாச்சு" என்போம். அதன் பிறகு நான் திருச்சி, திருப்பூர், பம்பாய் என்று எங்கெங்கோ போய்த் தைத்தேன். போன இடத்திலெல்லாம், வேலை செய்கிற பெண் என்று தெரிந்தால், கையைத் தூக்கச் சொல்லித்தான் அளந்தேன்.

நான் அந்தக் கடையை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், கூலிக்காரர்கள் சங்கத்து ஊர்வலம் ஒன்று கடைத்தெரு வழியாகப் போனது. முன்வரிசையில் பெண்கள். எங்கள் கடைக்கு நேரே வந்தபோது அஞ்சலையக்கா கோஷத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தனை பேரும் கையை உயர்த்தினார்கள். சிவப்பு, ஊதா, மஞ்சள், கறுப்பு என்று ஆளுக்கொரு நிறத்தில் ஜாக்கெட். தூக்கிய கைகளுக்குக் கீழே எல்லோருக்கும் பச்சை.

மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டுப் படியில் வந்து நின்றிருந்தார். பெண்கள் போவதை அவர் நின்று பார்த்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். ஆனால் அப்போதும் அவர் கண் துணியில்தான் இருந்தது. லூர்தம்மா அவர் பின்னால் வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நம்ம தெர போவுது பாருங்க."